இணைந்தும் இணையாத இரு நிறுவனங்கள்

2000-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10-ஆம் நாள் நியூயார்க் நகரில் பத்திரிகையாளர் கூட்டம் ஒன்று நடைபெற்றது. மேடையில் முதன்மையாக இருவர் இருந்தனர். ஒருவர் அமெரிக்கா ஆன்லைன் என்னும் இணையத் தொடர்புக் கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் கேஸ்; அப்போது அவருக்கு வயது 41. மற்றவர் டைம் வார்னர் என்னும் மாபெரும் பத்திரிகை, திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தின் தலைவர் ஜெரால்டு லெவின். அவருக்கு வயது 60. இணையத் தொழிலில் இருந்த இளைஞர்கள் கழுத்துப்பட்டி அணிவதை வழக்கமாகக் கொண்டவர்கள் அல்லர். ஆனால் அன்று கேஸ் கழுத்துப்பட்டியுடன் வந்தார். முதியவர் லெவினோ திறந்த கழுத்துடன் வந்தார். ஒருவர் உலகத்துக்குள் மற்றவர் புகுந்துவிட்டார் என்பதற்கு அடையாளம்போல் அக்காட்சி அமைந்திருந்தது. தம் இரு கம்பெனிகளும் ஒன்றாகப் போகின்றன என்று அவர்கள் அறிவித்தனர். அதுவரை அமெரிக்கா கண்ட இணைப்புகளில் அதுவே மிகப் பெரியது.

மூன்றே ஆண்டுகளில் அவ்விணைப்பு வணிக வரலாற்றின் பெருந்தோல்விகளுள் ஒன்றாகிவிட்டது. அஃது ஏன் நிகழ்ந்தது என்பதை ஆராய்வது நமக்குப் பயன் தரும். தமிழகத்தை விட்டு வந்து மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மிற் பலர், ஏதேனும் ஒரு கம்பெனியின் வேலையை நம்பியே ஊர் பெயர்ந்து வந்தவர்கள். நாம் பணிபுரியும் நிறுவனம் ஒருநாள் காலையில் வேறொரு பெயரோடு விழித்தெழுவதை நம்மிற் சிலர் கண்டும் இருக்கிறோம். ஆதலின், தொலைவிலுள்ள அமெரிக்காவில் நிகழ்ந்ததாயினும் இது நமக்கு முற்றும் அயலான கதை அன்று.

முதலில் பழைய நிறுவனத்தின் வரலாற்றைக் காண்போம். ஹென்றி லூஸ், பிரிட்டன் ஹேடன் என்னும் இரு இளைஞர்கள் தொடங்கிய 'டைம்' வார இதழ் 1923-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்தது. 1930-இல் 'பார்ச்சூன்', 1936-இல் 'லைப்' எனப் பிற இதழ்களும் பின்தொடர்ந்தன. அதே 1923-ஆம் ஆண்டில்தான் வார்னர் உடன்பிறந்தார் நால்வர் தம் திரைப்படக் கம்பெனியை முறைப்படி நிறுவினர். இவ்விரு மரபுகளும் 1990-இல் ஒன்றுகூடி டைம் வார்னர் ஆயின. டெட் டர்னர் 1980-இல் தொடங்கிய சி.என்.என். செய்தித் தொலைக்காட்சியும் அவருடைய பிற நிலையங்களும் 1996-இல் இக்குழுமத்தில் வந்து சேர்ந்தன. இதழ்கள், திரைப்படங்கள், இசைத்தட்டுகள், செய்தி நிலையம், கோடிக்கணக்கான வீடுகளுக்குச் செல்லும் கேபிள் கம்பி ஆகிய அனைத்தும் ஒரே உடைமையின்கீழ் வந்தன. ஆயினும் ஒவ்வொரு பிரிவும் தனக்கெனத் தலைவரும் கணக்கும் தன்மதிப்பும் கொண்ட குறுநிலம் போலவே நடந்துவந்தது. இந்த உண்மையை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

லெவின் தொழில்நுட்பத்தில் நாட்டம் மிக்கவர். எச்.பி.ஓ. என்னும் கட்டணத் தொலைக்காட்சி நிலையத்தில் அவர் பொறுப்பில் இருந்தபோது, 1975-இல் மணிலாவில் நடைபெற்ற முகம்மது அலி, ஜோ பிரேசியர் குத்துச்சண்டை செயற்கைக்கோள் வழியாக அமெரிக்கக் கேபிள் நிலையங்களை வந்தடைந்தது. பிறர் ஐயுற்ற வேளையில் அவர் துணிந்தார், வென்றார். அவ்வெற்றி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1994-இல் புளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ நகரில், வேண்டிய திரைப்படத்தை வேண்டிய நேரத்தில் வீட்டுக்கே வரவழைக்கும் சோதனை முயற்சி ஒன்றைத் தொடங்கினார். கருவிகளின் விலை தாங்கமுடியாததாக இருந்தமையால் 1997-இல் அது நிறுத்தப்பட்டது. குழுமத்தின் இதழ்களையெல்லாம் ஒருங்கே தந்த 'பாத்பைண்டர்' என்னும் இணையத்தளமும் 1999-இல் கைவிடப்பட்டது. எதிர்காலம் இணையத்தில் இருக்கிறது என்பதில் லெவினுக்கு ஐயமில்லை. ஆனால் தம் நிறுவனத்தால் தானாக அங்குச் செல்ல இயலாது என்ற அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது.

இனிப் புதிய நிறுவனத்தைக் காண்போம். 1983-இல் தொலைபேசிக் கம்பி வழியே கணினி விளையாட்டுகளை வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கிய சிறு கம்பெனி ஒன்று நொடித்தது. அதன் எச்சத்திலிருந்து 1985-இல் எழுந்த கம்பெனியே, 1991-இல் அமெரிக்கா ஆன்லைன் எனப் பெயர் கொண்டது, ஏ.ஓ.எல். என்பது அதன் சுருக்கம். கணினி அறியாதாரும் எளிதில் இணையத்தில் நுழைவதற்குரிய வாயிலாக அது விளங்கியது. நுழைவுக்கான வட்டுகளை இலவசமாக வீடு வீடாக அஞ்சலில் அனுப்பிற்று. 1996-ஆம் ஆண்டு டிசம்பரில், மாதம் 19.95 டாலர் கட்டினால் எத்தனை மணி நேரமாயினும் பயன்படுத்தலாம் என அறிவித்தது. மக்கள் திரண்டு வந்தனர். தொலைபேசி வழிகள் அடைபட்டன. பலருக்கு 'வழி இல்லை' என்னும் ஒலியே பதிலாகக் கிடைத்தது. எனினும் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சந்தாதாரர் தொகை இரண்டு கோடியைத் தாண்டிவிட்டது.

இந்த வளர்ச்சிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. இலவச வட்டுகளை அனுப்பிய பெருஞ்செலவை அந்தந்த ஆண்டுச் செலவாகக் கழிக்காமல், பின்னர் வரப்போகும் சந்தாவை நம்பி அதனைச் சொத்தாகக் கணக்கில் ஏற்றிவந்தது அக்கம்பெனி. கல்யாண விருந்துக்கு ஆன செலவைச் செலவில் எழுதாமல், நாளை வரும் மொய்ப்பணத்தை எண்ணிச் சொத்தாக எழுதிவைப்பதை இஃது ஒக்கும். 1996-இல் அம்முறையைக் கைவிட்டபோது 38.5 கோடி டாலரை ஒரே முறையில் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அதன்பொருட்டு 2000-ஆம் ஆண்டில் 35 இலட்சம் டாலர் தண்டமும் செலுத்தியது. கண்ணுடையார்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

ஆனால் அக்காலம் எச்சரிக்கைகளைக் கேட்கும் காலமாக இருக்கவில்லை. இணையக் கம்பெனி என்ற பெயர் இருந்தாலே அதன் பங்குகள் விலையேறின. இலாபம் உண்டா என்று எவரும் கேட்டிலர். அந்தக் காய்ச்சல் நம் நாட்டையும் தீண்டாமல் விடவில்லை. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு கிடைத்தது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாளில்தான். நான்கே ஆண்டுகள் கழித்து, 1999 அக்டோபரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்போவே அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அடுத்த மாதமே 'இந்தியா வேர்ல்டு' என்னும் இணையத்தள நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்க அஃது உடன்பட்டது. அன்று நாடே வியந்து பேசிய விலை அது. கடல் கடந்து எழுந்த அலையின் ஒரு துளியே அது.

அவ்வலையின் உச்சியில்தான் கேஸ் தம் கோரிக்கையுடன் லெவினை அணுகினார். ஏ.ஓ.எல். பங்கின் விலை 70 டாலருக்கு மேல் இருந்தது. சந்தைக் கணக்கின்படி ஏ.ஓ.எல்.லின் மொத்த மதிப்பு, டைம் வார்னரின் மதிப்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகும். ஆனால் ஆண்டு வருமானத்தை நோக்கினால் நிலைமை தலைகீழாக இருந்தது. டைம் வார்னர் ஆண்டுக்குச் சுமார் 2,700 கோடி டாலர் ஈட்டியது, ஏ.ஓ.எல். ஈட்டியதோ சுமார் 480 கோடி டாலர். ஆறு பங்கில் ஒரு பங்கு வருமானத்தைக் கொண்டுவந்தவர்க்குப் புதிய நிறுவனத்தில் நூற்றுக்கு 55 பங்கும், ஐந்து பங்கு வருமானத்தைக் கொண்டுவந்தவர்க்கு 45 பங்கும் என்று உடன்பாடு செய்யப்பட்டது. வாங்கியவர் ஏ.ஓ.எல்.; விற்கப்பட்டது டைம் வார்னர். ஏறக்குறைய 16,500 கோடி டாலர் எனக் கூறப்பட்ட அவ்விலையில் ரொக்கப்பணம் இல்லை. முழுவதும் பங்குகளாகவே தரப்பட்டது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்கவேண்டும். பங்கின் விலை குறைந்தால் விற்பவர்க்கு ஈடு செய்வதற்கென ஒரு பாதுகாப்பு விதியை இத்தகைய உடன்பாடுகளில் சேர்த்துக்கொள்வது உண்டு. லெவின் அதனைக் கேட்கவில்லை. அதைக் கேட்பது புதிய கூட்டாளியின்பால் நம்பிக்கையின்மையைக் காட்டும் என அவர் கருதினார். ஒரு டைம் வார்னர் பங்குக்குப் புதிய நிறுவனத்தின் ஒன்றரைப் பங்கு என்னும் விகிதம், வானம் இடிந்து விழுந்தாலும் மாறாது என்று முடிவாயிற்று. கணக்குகளை ஆராய்வதற்கு இரு தரப்பாரும் எடுத்துக்கொண்ட காலம் சில நாட்களே. ஜனவரி 9-ஆம் நாள் ஞாயிறன்று இரு நிர்வாகக் குழுக்களும் ஒப்புதல் அளித்தன. மறுநாள் அறிவிப்பு வந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நான்கு பேரிடம் விசாரிக்காமல் நம்மில் எவரும் பெண் கொடுப்பதில்லை; அங்கே அந்த விசாரணை ஒரு வார இறுதிக்குள் முடிந்துவிட்டது.

அறிவிப்பு வந்து சரியாக இரண்டு மாதங்கள் கழித்து, 2000 மார்ச்சு 10-ஆம் நாள், நாஸ்டாக் குறியீடு 5,048 என்னும் உச்சத்தைத் தொட்டது. பின்னர் இறங்கத் தொடங்கியது. அரசு அமைப்புகளின் ஒப்புதலுக்காக இரு கம்பெனிகளும் ஓராண்டு காத்திருந்தன. டைம் வார்னரின் கேபிள் வழியைப் போட்டியாளர்களுக்கும் திறந்துவிடவேண்டும் என்ற நிபந்தனையுடன் 2000 டிசம்பரில் வணிகப் போட்டி ஆணையம் இசைந்தது. 2001 ஜனவரி 11-ஆம் நாள் இணைப்பு நிறைவேறியது. 73 டாலர் அளவில் இருந்த ஏ.ஓ.எல். பங்கு அன்று ஏறக்குறைய 47 டாலராக இறங்கியிருந்தது. விகிதமோ மாறவில்லை. காத்திருந்த அந்த ஓராண்டில் உடன்பாட்டைத் திருத்தவோ கைவிடவோ உரிய காரணங்கள் பெருகின. ஆனால் அதனைச் செய்ய எவரும் முன்வரவில்லை.

இணைப்புக்குப் பின் நிகழ்ந்தவற்றுள் மூன்றை மட்டும் காண்போம்.

முதலாவது, கேபிள். தொலைபேசி வழி இணையம் மெதுவானது. அதன் காலம் முடிந்துகொண்டிருந்தது. விரைந்த கேபிள் இணையத்துக்கு மாறினாலன்றி ஏ.ஓ.எல். பிழைக்க வழியில்லை. அக்கேபிள் இப்போது தன் சொந்த வீட்டிலேயே இருந்தது. ஆனால் கேபிள் பிரிவினர் 'ரோடு ரன்னர்' என்னும் தமக்குரிய இணையச் சேவையை நடத்திவந்தனர். தாம் முழுமையாகப் பெறும் மாதக் கட்டணத்தில் ஏ.ஓ.எல்.லுக்கு ஏன் பங்கு தரவேண்டும் என்று அவர்கள் கருதினர். அவர்கள் நோக்கில் அதுவும் நியாயமே. ஏனெனில் அவர்களுடைய ஊதிய உயர்வும் பெருமையும் தம் பிரிவின் இலாபத்தைப் பொறுத்திருந்தன. எந்த ஒன்றுக்காக இணைப்பு செய்யப்பட்டதோ அந்த ஒன்றே நிகழவில்லை.

இரண்டாவது, இசை. வார்னர் இசைப் பிரிவிடம் பாடல்கள் இருந்தன, ஏ.ஓ.எல்.லிடம் கோடிக்கணக்கான சந்தாதாரர்கள் இருந்தனர். இணையத்தில் பாடல் விற்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஆனால் திருட்டுப் பிரதிகளைக் கண்டு அஞ்சிய இசைப் பிரிவினர் தயங்கினர். 2003 ஏப்ரலில், பாடல் ஒன்றும் சொந்தமாக இல்லாத ஆப்பிள் என்னும் கணினிக் கம்பெனி இணையத்தில் பாடல் கடை திறந்து வெற்றி கண்டது. வார்னர் இசைப் பிரிவு 2004-இல் விற்கப்பட்டது.

மூன்றாவது, மின்னஞ்சல். குழுமத்தின் ஊழியர் அனைவரும் ஏ.ஓ.எல். மின்னஞ்சலையே பயன்படுத்தவேண்டும் எனக் கட்டளை பிறந்தது. வீட்டுப் பயனுக்கென அமைந்த அம்முறை, பெரிய படங்களையும் கோப்புகளையும் நாள்தோறும் அனுப்பும் பத்திரிகை அலுவலகங்களுக்கு ஏற்றதாக இல்லை. கடிதங்கள் தொலைந்தன, முணுமுணுப்பு எழுந்தது. 2002-இல் அக்கட்டளை திரும்பப் பெறப்பட்டது. சிறு செய்திதான், ஆயினும் ஒரு நிறுவனத்தின் பொருளை அதன் சொந்த ஊழியரே மறுத்தனர் என்றால் மனங்கள் எவ்வளவு இணைந்திருந்தன என்பதை நாம் உய்த்துணரலாம்.

இதற்கிடையில் ஏ.ஓ.எல்.லின் விளம்பர வருமானம் வற்றத் தொடங்கியது. அதற்கு விளம்பரம் கொடுத்தவருட் பலர், பங்கு விற்று வந்த பணத்தை வைத்துக்கொண்டிருந்த சிறு இணையக் கம்பெனிகள். குமிழி உடைந்ததும் அவை மறைந்தன. அவற்றோடு விளம்பரமும் மறைந்தது. 2001-இல் 1,100 கோடி டாலர் நடப்பு இலாபம் ஈட்டுவோம் என்று தலைவர்கள் அளித்திருந்த வாக்குறுதி பொய்த்தது. விளம்பர வருமானத்தை மிகைப்படுத்திக் காட்டியதாக எழுந்த குற்றச்சாட்டை அரசு ஆராய்ந்தது. தன் பணத்தையே சுற்றிவிட்டு, அது திரும்பி வந்தபோது வருமானமாக எழுதிக்கொண்ட பரிமாற்றங்கள் நடந்தன என்பது அக்குற்றச்சாட்டு. நீதித்துறை வழக்கைத் தீர்க்க 2004-இல் 21 கோடி டாலரும், பங்குச் சந்தை ஆணையத்தின் வழக்கைத் தீர்க்க 2005-இல் 30 கோடி டாலரும் செலுத்தப்பட்டன. பங்குதாரர் தொடுத்த வழக்கு அதே ஆண்டில் 240 கோடி டாலர் அளவில் சமரசமாயிற்று.

2002-ஆம் ஆண்டுக்கான மொத்த நட்டம் 9,870 கோடி டாலர் என அறிவிக்கப்பட்டது. அதுவரை எந்த அமெரிக்கக் கம்பெனியும் ஓராண்டில் அத்துணை நட்டம் காட்டியதில்லை. பெட்டியிலிருந்த பணம் அவ்வளவும் போய்விட்டது என்று இதற்குப் பொருள் அன்று. ஒரு கம்பெனியை அதன் கையிருப்பையும் சொத்தையும் விட மிகுந்த விலைக்கு வாங்கினால், அந்த மிகுதியை 'நற்பெயர்' என்னும் தலைப்பில் கணக்கர் எழுதிவைப்பர். எழுதிய மதிப்பு உண்மையில் இல்லை என்று தெரிந்தபின் அதனை நீக்குவர். ஆக, அந்த நட்டம் பெரும்பாலும், 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் செய்த தவறான மதிப்பீட்டை மூன்றாண்டு கழித்து ஒப்புக்கொண்ட வாக்குமூலமே ஆகும்.

வாக்குமூலம் காகிதத்தில் இருந்தாலும் இழப்பு மனிதர்களுடையது. 2002 ஜூலையில் பங்கின் விலை பத்து டாலருக்கும் கீழே சென்றது. டைம் வார்னரின் தனிப்பெரும் பங்குதாரராக இருந்த டெட் டர்னர், தம் செல்வத்தில் ஐந்தில் நான்கு பங்கை இழந்ததாகப் பின்னர் கூறினார். செல்வர்க்கு ஐந்தில் ஒரு பங்கு எஞ்சினாலும் வாழ்வு குறையாது. ஆனால் இதழ் அலுவலகங்களிலும் திரைப்படக் கூடங்களிலும் பல்லாண்டு உழைத்து, முதுமைக்கால நிதியைத் தம் கம்பெனியின் பங்குகளிலேயே சேர்த்துவைத்திருந்த ஊழியர்களின் நிலை வேறு. இணைப்பை அவர்கள் வேண்டவில்லை. விகிதத்தை அவர்கள் பேசவில்லை. ஓய்வு பெறும் நாளைத் தள்ளிப்போட வேண்டியவர்கள் மட்டும் அவர்களே. வேலையும் சேமிப்பும் ஒரே மரத்தில் கட்டப்பட்டிருந்தால், மரம் சாயும்போது இரண்டும் வீழும்.

தலைவர்களும் நிலைக்கவில்லை. லெவின் 2002 மே மாதத்தில் விலகினார். கேஸ் 2003-இல் தலைவர் பதவியைத் துறந்தார். அதே ஆண்டில் நிறுவனத்தின் பெயரிலிருந்து ஏ.ஓ.எல். என்னும் முன்னொட்டு நீக்கப்பட்டது. 2009 டிசம்பரில் ஏ.ஓ.எல். தனிக் கம்பெனியாகப் பிரிக்கப்பட்டது; 2015-இல் வெரைசன் என்னும் தொலைபேசிக் கம்பெனி அதனை 440 கோடி டாலருக்கு வாங்கியது. டைம் வார்னரையும் 2018-இல் ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசிக் கம்பெனி வாங்கியது. அந்த இணைப்பும் நீடிக்கவில்லை. 2022-இல் அது பிரிந்து டிஸ்கவரி நிறுவனத்துடன் சேர்ந்தது. உடன்பாட்டின் பத்தாம் ஆண்டு நிறைவில், 2010 ஜனவரியில், லெவின் தொலைக்காட்சியில் தோன்றி, அதற்குத் தாமே பொறுப்பு என்று கூறி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அத்துணைப் பெரிய பதவியில் இருந்தோர் அவ்வாறு கூறுவது அரிது. 2024-இல் அவர் மறைந்தார்.

அவருடைய கனவு தவறானதா? இல்லை என்பதே நம் கருத்து. வேண்டிய படத்தை வேண்டிய நேரத்தில் வீட்டிலிருந்தே காணும் முறை வந்துவிட்டது. செய்தியும் பாட்டும் படமும் ஒரே வழியில் கைக்கு வந்து சேர்கின்றன. தில்லிக் குளிரில் அமர்ந்து நாம் தமிழ்ப் படம் காண்பதும் அவ்வழியில்தான். கனவு மெய்யாயிற்று, கனவு கண்ட நிறுவனத்தின் கையால் அது மெய்யாகவில்லை. எதிர்காலத்தைச் சரியாகக் கணித்தவர், அதற்கு இன்று கொடுக்கத் தகும் விலையைக் கணிக்கத் தவறினார். உயர்ந்த நோக்கம் கூடாத கணக்கைச் சரிசெய்துவிடாது. பல குறுநிலங்களாக இருந்த ஒரு நிறுவனத்தின்மேல் மற்றொரு பெயரை எழுதியதால் அவை ஒரு நாடாகிவிடவும் இல்லை.

2025 செப்டம்பர் 30-ஆம் நாள் ஏ.ஓ.எல். தன் தொலைபேசி வழி இணையச் சேவையை முற்றிலும் நிறுத்தியது. ஒருகாலத்தில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் கேட்ட அந்த இணைப்பொலி அன்றோடு ஓய்ந்தது. நாளை நம் நிறுவனத்திலும் இணைப்பு அறிவிப்பு வரலாம். மாலையும் மேடையும் இருக்கலாம். அன்று நாம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. வாங்குபவர் தருவது பணமா, பங்கா? அந்தப் பங்கின் பின்னே இருப்பது வருமானமா, எதிர்பார்ப்பா? நம் முதுமைக்கான சேமிப்பு எங்கே இருக்கிறது? 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் இக்கேள்விகளை உரக்கக் கேட்டோர் சிலரே. அவர்களுடைய குரல் கைதட்டலில் அமுங்கிவிட்டது.